இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி

நடுக்கணக்கு மலை இறங்கி ஐந்து வருடம்.
அந்தப் படத்தைப் பதினோராவது முறை வரைந்து முடித்தேன்.

உங்களுக்கும் தெரிந்த படம்தான்.
சேறு. சேற்றில் நட்டுவைத்த மாதிரி ஒரு கதவு,
சுவர் இல்லாமல்.
பக்கத்தில் தலையில் கைவைத்த பெண்.
மூன்றாம் நாள் மழை விட்டதும் எடுத்தது.
மறுநாள் முதற்பக்கம்.
பிறகு சங்கத்துப் போஸ்டரில்,
தேர்தல் பதாகையில்,
ஒரு வங்கிக் கலண்டரில் ஒக்டோபர் மாதமாக.

வருடம் தவறாமல் மழை வரும், அவளும் வருவாள்,
கீழே அதே வரி: உறவுகளை இழந்த பெண்.
பெயர் போட இடம் போதவில்லை போலும்.

நான் பண்டாரவளையில் போர்டு எழுதுகிறவள்.
கடைப்பெயர், லொறிக் கதவு, கோயில் உபயகாரர் பட்டியல்.
கூலி இல்லாத இரவுகளில் அவளை.

முதலில் கரியால். முகம் வந்தது, மண் வரவில்லை.
இஸ்டோரில் கூட்டித்தள்ளும் தேயிலைத்தூளைக் காய்ச்சி
அந்தச் சாயத்தில் மண்ணைத் தீட்டினேன்.
காய்ந்ததும் மண்ணைவிட அழகாக இருந்தது.
பயந்துபோய்க் கிழித்தேன், மறுபடி தீட்டினேன்.
ஒன்றில் அவளை வெட்டி எடுத்துவிட்டு
வெள்ளை ஓட்டையை மட்டும் விட்டேன்.
ஓட்டையைப் பார்த்தவர்களும் அவளைத்தான் சொன்னார்கள்.
ஒன்றில் சேற்றை அழித்தேன்;
வெறுந்தாளில் தலையில் கையோடு
பஸ்ஸைத் தவறவிட்டவள் போல நின்றாள்.
ஒன்றில் அவளுக்குப் பின்னால்
தருவதாகச் சொன்ன வீடுகளை வரிசையாய்க் கட்டிக்கொடுத்தேன்,
ஏழு பேர்ச், ஓட்டுக்கூரை, தண்ணீர்ப் பைப்.
தூரிகைக்கு டெண்டர் தேவைப்படவில்லை.

உனக்கென்ன அவளோடு என்று கேட்பார்கள்.
அந்த லயத்தின் நாலாம் காம்பராவில்
எட்டாம் வகுப்பில் என் வாங்கில் இருந்த ஞானசீலி இருந்தாள்.
படத்தில் அவள் இல்லை.
படத்தின் அடியில் இருக்கிறாள்.

நகரசபை மண்டபத்தில் மூன்று நாள் மாட்டினோம்.
இரண்டாம் நாள், ஞாயிறு,
குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு
ஒரு பெண் உள்ளே வந்தாள்.
தன்னைத் தானே பத்துத் தடவை கடந்து நடந்தாள்.
எதிலும் நிற்கவில்லை.
கடைசிப் படத்தில் நின்று
"இந்தச் சட்டை என்னுதில்ல" என்றாள்.
"முகாம்ல குடுத்தது. என்னுது மஞ்சள்."

பெயர் கேட்டேன். கோகிலவாணி.
தேத்தண்ணி வேண்டாமாம்,
"கெழமையில ஆறு நாளும் அதோடதானே."

"நான் அப்ப அழல.
மூணு நாளா காதுல மண்ணு. தட்டிக்கிட்டு இருந்தேன்.
ஒரு காது அடைச்சிருச்சி. மத்த காதுல
பீலித் தண்ணி கேட்டுச்சி. இந்தா, இங்க"
என்று சட்டத்துக்கு வெளியே
வெறுஞ்சுவரில் கைவைத்தாள்,
இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி.
"லயமே இல்ல. பீலி மட்டும் ஓடுது.
யாரு குடத்துக்கு ஓடுதுன்னு நெனச்சேன்.
அத ஏன் ஒருத்தரும் எடுக்கல?"

என்னிடம் பதில் இல்லை. பென்சில் இருந்தது.
நீட்டினேன். வாங்கவில்லை.
"நீயே வரை. இன்னொண்ணு,
அஞ்சு வருசமா ஊரைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.
ஒருக்கா என்னைத் திருப்பி விடு."

பீலியை அங்கேயே சுவரில் வரைந்தேன்.
மண்டபப் பொறுப்பாளர் வெள்ளையடிக்க
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ரசீது வெட்டினார்.

பன்னிரண்டாவதில் முதுகு தெரிகிறது.
மஞ்சள் சட்டை.
கை இன்னும் காதருகில்.
இடப்பக்கம் ஒட்டுத்தாள் சேர்த்துப் பீலி,
கீழே நிரம்பி வழியும் ஒரு குடம்,
யாருடையது என்று எழுதவில்லை.
மலை இருக்க வேண்டிய இடத்தை
நான் இன்னும் தொடவில்லை.
அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒக்டோபர் நெருங்கவும் பத்திரிகையிலிருந்து கேட்டார்கள்.
அனுப்பினேன்.
"முகம் இல்லையே,
யாரென்று வாசகருக்கு எப்படி விளங்கும்?"
கீழே பெயர் போடுங்கள் என்றேன்.