பதினெட்டுக் குழிக்கு ஓராண்டுக் கணக்கு

விக்கிரமரட்ண சேர் கேட்டது இவ்வளவுதான்:
"மிஸ், கோல்ப் விளையாட வருஷத்துக்கு எது மலிவு?
வெள்ளிக்கு முன்னம் ஒரு தாளில் தாங்கோ."

கோட்டையில் நாலாம் மாடி. ஏசி தலைக்கு நேரே.
நான் மட்டையைத் தொட்டவள் இல்லை.
தேய்மானம் தெரியும்.

முதலாவது, கிளப்பில் சேர்வது.
நுழைவுப் பணம் இருபது லட்சம்,
பத்தாண்டுக்குப் பிரித்தால் வருஷம் இரண்டு.
சந்தா மாதம் பதினைந்தாயிரம்.
பை தூக்குகிறவனுக்குத் தடவைக்கு மூவாயிரம்.
அல்லது யாராவது ஒருவரின் விருந்தாளியாய்ப் போவது:
போகிற அன்றைக்குப் பத்தொன்பதாயிரம்,
போகாத அன்றைக்கு ஒரு சதமும் இல்லை.
அதுவும் வேண்டாமென்றால், வலை கட்டிய இடத்தில்
ஒரு வாளிப் பந்தை அடித்துவிட்டு வருவது.
வாளி ஆயிரத்து இருநூறு. உள்ளே ஐம்பது.
பந்துக்கு இருபத்து நாலு ரூபாய்.
குழி கிடையாது.

இருபத்து நாலாவது ஆட்டத்தில்தான்
உறுப்பினருக்கு விடியும் என்று வந்தது.
சேரின் நாட்குறிப்பைப் புரட்டினேன்.
போன வருஷம் பதினொன்று.

பிறகு, கேட்காத ஒன்றையும் செய்தேன்:
அடிக்கு என்ன விழுகிறது?
சேருக்கு ஓர் ஆட்டம் நூற்றுப் பதினெட்டு அடி.
கிளப் செலவை அதால் வகுக்க
முந்நூற்றுப் பதினெட்டு ரூபாய், பதினெட்டுச் சதம்.
எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மரியசீலன்
எழுபத்தொன்பதில் முடிப்பான்.
அவன் கட்டுவதானால் அடிக்கு நானூற்று எழுபத்தைந்து.
ஆக, கெட்டிக்காரனுக்குத்தான் நட்டம்.
மோசமாக அடிக்க அடிக்க மலிவு.
சூத்திரத்தை மூன்று தரம் சரிபார்த்தேன்.
பிழை இல்லை.

மரியசீலன் பை தூக்குகிறவன்.
திங்கள் விடியலில் தூக்குகிறவர்களையும் ஆட விடுவார்களாம்.
லண்டன் போன யாரோ கைவிட்ட மட்டைப் பை,
அதில் ஏழாம் நம்பர் இல்லை.
இடது கைக்கு மட்டும் ஓர் உறை,
"அதுவும் பெருவிரலில் கிழிஞ்சது, அக்கா."
வருஷச் செலவு கேட்டேன்.
யோசித்துவிட்டுச் சொன்னான்:
"திங்கள் சம்பளம் போகும்தானே."

நான் போட்டு எடுத்த வரிசை ஒன்று உண்டு.
கிருலப்பனையில் ஏறினால்
களனிவெளிக் கோச்சி அந்தப் புல்லுக்கு நடுவால்தான் போகும்.
மூன்றாம் வகுப்பு சீசன், மாதம் ஆயிரத்து நூறு.
போக ஒன்று, வர ஒன்று,
வருஷம் ஐந்நூறு தரம் பார்க்கிறேன்.
பார்வைக்கு இருபத்தாறு ரூபாய் நாற்பது.
வாளிப் பந்தை விடவும் கூட.
தட்டினேன், பார்த்தேன், அழித்தேன்.

வெள்ளி பின்னேரம் பதில் வந்தது:
"நன்றி. கிளப்பில் சேர்வோம்.
அங்கே சந்திக்கிற ஆட்களை
நீங்கள் எந்த நிரலிலும் போடவில்லை.
கம்பனிக் கணக்கில், ஊழியர் நலன் என்று பதியுங்கோ."

ஊழியர் நலன்.
அந்தத் தலைப்பின் கீழ் தேயிலை, சீனி, பால்மா,
மார்கழியோடு நிறுத்தின பிஸ்கட்.
அதற்குக் கீழே இருபது லட்சத்தைத் தட்டினேன்.
நிரல் அகலம் போதாமல்
எண் முழுக்க வேலிக்கம்பிகளாய் மாறிற்று.
ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

திங்கள் காலை கோச்சி நடுப்புல்லில் நின்றது.
சிக்னலாம்.
மிதிபலகையில் தொங்கியவர்கள் விசிலடித்தார்கள்.
தண்டவாள ஓரத்தில் மரியசீலன்,
மட்டையை ஊன்றியபடி,
நாங்கள் விலகட்டும் என்று.
கை காட்டினேன். அவன் பார்க்கவில்லை.
அவன் பந்துக்கும் கொடிக்கும் நடுவில்
ஆறு பெட்டியும் நாங்களும்.