சுங்கத் தாளில் சுழி

ஏகாம்பரம் சைக்கிளை லாட்ஜ் வாசலில் சாய்த்து
"ஃபாரின் தபால், கையெழுத்து போடு" என்றபோது
நான் இருநூற்று நாலாம் அறைக்குத்
தலையணை உறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பாபுராவ் தெரு விலாசத்தில்
என் பெயருக்கு இதுவரை வந்தவை
ஒரு கல்யாணப் பத்திரிகை,
ஒரு பாங்க் நோட்டீஸ்.

உறையின் மேல் சுங்கத்தாருக்கான பச்சைத் தாள்.
உள்ளே என்ன: பழைய நாணயம், எட்டு.
மதிப்பு என்ற கட்டத்தில்
அழுத்தி வரைந்த ஒரு சுழி.
தபால்தலை மட்டும் மூன்று.

மாரிபோர் என்கிற ஊரில் ஆலென்கா என்றொருத்தி.
முகம் தெரியாது.
ஒன்றுக்கு இரண்டாய்ச் சேர்ந்ததையெல்லாம்
சேகரிக்கிறவர்களுக்குச் சும்மா தருகிறேன் என்றாள்.
கேட்டவர்கள் நாற்பது பேர்.
சீட்டுக் குலுக்கி எடுத்தாளாம்.
பொருட்காட்சியில் பிளாஸ்டிக் வாளிகூட
விழுந்ததில்லை எனக்கு.

இரண்டு அட்டைக்கு நடுவே
செலோடேப் போட்டு ஒட்டியிருந்தாள்.
கத்தரி பட்டுக் கீறிவிடுமென்று
நகத்தாலேயே பிரித்தேன்.
முதலில் ஓர் ஆந்தை, காது நிமிர்ந்து.
அப்புறம் தேனீ.
சிறகு விரித்த தகைவிலான்.
கொம்பு வளைந்த மலையாடு.
சின்னஞ்சிறு வட்டத்துக்குள் மூன்று மீன்,
பாலாற்றுக்குக் கடன் கொடுக்கலாம் போல.
ராஜா தலை ஒன்றில்கூட இல்லை.

கோட்டை உண்டு ராஜா இல்லை,
ஆறு உண்டு தண்ணீர் இல்லை என்று
எங்கள் ஊரைச் சீண்டுகிறவர்கள்
இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்:
காசு உண்டு, வாங்கிக்கொள்ளக் கடை இல்லை.
அவள் ஊரிலேயே இது செல்லாது.
யூரோ வந்து வருஷக்கணக்காச்சு.

"வித்தா எவ்ளோண்ணா வரும்?"
தயாநிதி வாளியோடு நின்றான்.
ஒரு டீக்கு வரும், சில்லறை பாக்கி வராது.
"அதுக்கா இவ்ளோ நேரம்?"
ஆமாம்டா. அதுக்குத்தான்.

எட்டாவது மட்டும் தனியாக,
பாலிதீன் துண்டில் மடித்து.
பூவிளிம்பு. அலுமினியம்.
நம்ம பத்துப் பைசா, எழுபத்தெட்டாம் வருஷத்தது.
கூடவே ஒரு சீட்டு:
'இவன் உங்களூர்க்காரன்.
என் தகர டப்பாவுக்குள் எப்படி வந்தானோ தெரியவில்லை.
வீட்டுக்கு அனுப்புகிறேன்.'

எனக்குச் சிரிப்பு வந்தது.
கடல் தாண்டிப் போய், குளிரில் கிடந்து,
பச்சைத் தாள் ஒட்டித்
திரும்பி வந்திருக்கிறது,
பிச்சைக்காரரும் வாங்காத பத்துப் பைசா.

வருஷத்துக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத்.
வைரம் என்றால் பம்பாய்.
ஒன்றும் இல்லையென்றால் கல்கத்தா.
ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து
இருநூற்று நாலு இறங்கி வந்தது.
சுதபா மண்டல், வர்தமான்.
கடுகெண்ணெய் வாசனை அவளுக்கு முன்னால் படியிறங்கும்.
புருஷன் வார்டில், பதினேழு நாளாக.
ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று
இந்தத் தெருவில் நாங்கள் கேட்பதில்லை.
எத்தனை தலையணை என்று கேட்போம்.

கல்லாவில் கிடந்ததைக் காட்டி,
எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில்,
இது உங்க பக்கம் அடிச்சது என்றேன்.
"கொல்காத்தா?"
உள்ளங்கையில் வைத்துக் கையை ஏற்றி இறக்கினாள்.
கனமே இல்லை என்று ஏதோ வங்காளத்தில் சொன்னாள்,
அல்லது நான் அப்படிப் புரிந்துகொண்டேன்.
வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
தலையாட்டி மறுத்து,
உறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

ராத்திரி என் நாணய நோட்டில் பதிந்தேன்.
லாட்ஜ் ரெஜிஸ்டர் மாதிரியே கோடு போட்டது,
கை வேறு மாதிரி பழகவில்லை.
எங்கிருந்து வருகை: மாரிபோர்.
எங்கே போகிறார்:
அந்தக் கட்டத்தை
இருநூற்று நாலும் இன்னும் நிரப்பவில்லை.

ஆலென்காவுக்கு என்ன எழுதுவது?
வந்து சேர்ந்தான், வீடு இன்னும் தூரம்,
இப்போதைக்கு எங்கள் லாட்ஜில் தங்கியிருக்கிறான்,
வாடகை இல்லை.

மணி அடிக்கிறது.
மேலே யாருக்கோ வெந்நீர் வேண்டும்.