இருபத்து மூன்றாம் நிமிடம்

பென் டிரைவில் வந்தது அந்தப் பகுதி.
லண்டனில் பொலிஸ் நாடகமாம், ஒரு மணித்தியாலம்.
எங்கள் ரூபன் அதில் பிணம்.

விசுவமடுச் சந்தியில் போன்கடை வைத்திருக்கும் நிரோஜன்
இறக்கித் தந்துவிட்டு
காசு வேண்டாமென்றான்.
"நடிகர் வீட்டாக்களிட்ட வாங்கேலாது."

ஏழு மணி. அம்மா கோழியை அடைத்துவிட்டு வந்தா.
பக்கத்து வளவு மேகலா பிள்ளைகளோடு வந்தாள்.
மா வறுத்த தாச்சி இன்னும் சூடு.

முதலில் மழை. பிறகும் மழை.
சாம்பல் கோட்டுப் போட்ட பெண் இன்ஸ்பெக்டர்,
வாயில் சூயிங்கமோ கவலையோ, மென்றுகொண்டு
ஒரு கடைக் கதவைத் தள்ளுகிறா.
பால் போத்தல்கள் உடைந்த நிலத்தில்
முகம் ஒருக்களித்து
ரூபன்.

"ஐயோ, மெலிஞ்சு போனான்" என்றா அம்மா.

அவனுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.
அந்தப் பெயரை வெள்ளைக்காரி சொல்லும்போதெல்லாம்
மேகலாவின் மகன் விழுந்து சிரிக்கிறான்.
வெள்ளை உடுப்புக்காரர் எட்டுப் பேர்
நகத்தைச் சுரண்டுகிறார்கள்,
சட்டையில் ஒட்டிய மயிரைக்கூடக்
கடதாசிப் பையிலிட்டு இலக்கம் எழுதுகிறார்கள்.
ஒருத்தி மண்டியிட்டு
அவன் கண்ணிமையை மெல்லத் தூக்கிப் பார்க்கிறாள்.

"ஒராளுக்கு இவ்வளவு பேரோ?"
மேகலாதான் கேட்டாள்.
புருசனின் பெயரை
ஐந்து கந்தோரில் எழுதிக் கொடுத்தவள்.
நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

இருபத்து மூன்றாம் நிமிடம்.
பிணவறை. மேசையில் அவன்.
நிறுத்தி, திருப்பி ஓட விட்டேன்.
வயிற்றைப் பார்த்தேன்.
இன்னொருக்கால் பார்த்தேன்.

போன கிழமை போனில் சொன்னவன்:
"ஆறு பேரைப் படுக்க வைச்சுப் பாத்தவங்கள் அக்கா.
எல்லாருக்கும் மூச்சு ஏறி இறங்குது.
எனக்கு இல்லை.
எங்கை பழகினது எண்டு டைரக்டர் கேட்டார்.
யோகா எண்டனான்."

இரணைப்பாலை. பங்குனி மாதம்.
மேலே இரண்டு பேர், கீழே ஒருவர்,
ஆரென்று அவனுக்கும் தெரியாது.
உதட்டில் இலையான் நடந்ததாம்.
போதும் எழும்பு என்று சொல்ல ஆளில்லாமல்
பொழுது படும்வரை
வாய்க்காலுக்குள் கிடந்தவன்.
அப்போது பத்தொன்பது வயது.

இன்ஸ்பெக்டர் மூன்று பேரை இருத்திவைத்து
ஒருவன் முகத்தை மட்டும் பார்க்கிறா.
அவன் தண்ணீர்க் கிளாசைத் தள்ளி வைக்கிறான்.
அவ வாயைத் திறக்கிறா.
கறண்ட் போனது.

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.
"ஆர் செய்ததெண்டு அவனைக் கேள்" என்றாள் மேகலா
ரீவி இருந்த திசையிலிருந்து கண்ணெடுக்காமல்.

வட்ஸ்அப்பில் எடுத்தேன்.
பெற்றோல் செற்றில் பகல் வேலை, பின்னால் கார்ச் சத்தம்.
"எனக்குத் தெரியாதக்கா.
நான் இன்னும் பாக்கேல்லை.
எனக்குத் தந்த ஒற்றையில
நான் செத்துக் கிடக்கிறது மட்டும்தான்."

அம்மா நெருப்புப்பெட்டி தேடினா.
மேகலா நித்திரையான சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு
படலைவரை போய்த்
திரும்பி வந்தாள்.

"விடிய வந்து முடிவைப் பாக்கிறன்.
அழிச்சுப் போடாதை."