எட்டாவது தடம்

இன்வர்கார்கில், சனிக்கிழமை காலை.
என் காலுறைக்குள் குளோரின் தண்ணீர்.
கட்டைவிரலுக்கடியில் ஒரு நிறுத்துக் கடிகாரம்.
பக்கத்தில் பால் லாரி ஓட்டும் ஃபெர்கஸ்,
அவரிடம் இன்னொன்று.

நேரம் குறிப்பவர்கள் கைதட்டக் கூடாது என்றிருந்தார்கள்.

மற்ற ஏழு பேரும் ஏறித் துவட்டிக்கொண்டு
போயாயிற்று.
பிரோனா மட்டும் பாதியில்
கயிற்றைப் பிடித்தபடி
கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரைக் கொட்டுகிறாள்.
முழங்கையில் எழுதிய பந்தய எண்
நீலமாய் வழிகிறது.

வெளியே வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

தொட்டாள்.

ஃபெர்கஸிடம் ஒரு நிமிடம் முப்பத்தொன்று புள்ளி நான்கு.
என்னுடையது ஓடிக்கொண்டே இருந்தது.

"எவ்வளவு?" மூக்கொழுகக் கேட்டாள்.
அவருடையதைச் சொன்னேன்.
தாளில் என் கட்டத்தில் கோடு இழுத்தேன்.

பழைய கடிகாரம் போல, என்றார் ஃபெர்கஸ்.
காலையில்தான்
உறை பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.