ஒரு கை மதுரை

வெங்காயச் சருகு பறக்கும் கீழமாரட் வீதியின்
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து
சேவுகன் அதைக் கொண்டுவந்தான்,
அடிபட்ட கோழியைப்போலத் துண்டில் சுற்றி.

ஒரு சாண் உயரச் சிப்பாய்.
தலையைவிடப் பெரிய கறுப்புக் குல்லாய்.
சிவப்புச் சட்டை. கண்ணுக்கு இரண்டு புள்ளி.
வாய் வைக்க மறந்துவிட்டார்கள்,
அல்லது யோசித்து விட்டுவிட்டார்கள்.
முதுகில் கிழிந்த ஒட்டுத்தாள்,
'டென்' மட்டும் மிச்சம்.
பத்து ரூபாயா என்று கேட்டானாம் ஒரு பையன்.

டென்மார்க்குக்கா, என்றான் சேவுகன்.
சென்னைக்காரர் ஒருத்தர் போட்டோ பார்த்துட்டார்.
செஞ்சவர் பேர் தெரிஞ்சா பதினெட்டாயிரம்,
தெரியலேன்னா அறுநூறு.
நீங்க மரக்கால் பார்க்கிறவங்களாச்சே.

பார்க்கிறவள்தான்.
பெரியாஸ்பத்திரி செயற்கைக்கால் பிரிவில்
பத்தொன்பது வருஷம்.
திருமங்கலத்து லாரி டிரைவர்
பழைய காலைக் கழற்றி மேஜைமேல் வைத்தால்
பட்டையை அவிழ்க்குமுன்னே சொல்லிவிடுவேன்,
இது லகுமய்யா, இது மீரா உசேன்.
லகுமய்யா எந்த ஆணியையும்
ஒருதரம் கூடுதலாக அடிப்பார்.
மீரா உசேன் முட்டிக்குப் பின்னால்
யார் விரலும் போகாத இடத்தையும்
உப்புத்தாளால் தேய்த்திருப்பார்.
இரண்டு பேரும் எங்கேயும் பெயர் எழுதியதில்லை.
காலுக்குள் இருப்பது நோயாளியின் எண்.

சிப்பாயைக் குப்புறக் கிடத்தினேன்.
வலது பாதத்தடியில் சூட்டு முத்திரை,
வட்டத்துக்குள் இரண்டு எழுத்து.
அதான்க்கா, அதான், என்று
ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டான்.

லென்ஸை வைத்தேன்.
பாதம் முழுக்கக் கீறல்,
ஏதோ ஒரு பிள்ளை ஏதோ ஒரு தரையில்
அணிவகுப்பு நடத்திய கீறல்.
எல்லாவற்றிலும் அழுக்கு அடைந்து கிடக்க
அதற்கு மேலே ஏறி நிற்கிறது கரி.
விளையாடி முடித்த பிறகு வந்த பெயர்.

நான் சுடலைக்கா, பெத்தவ மேல சத்தியம்.
நீ இல்லப்பா.
உனக்கு முன்னாடியே எவனுக்கோ
பதினெட்டாயிரம் தேவைப்பட்டிருக்கு.

தோளைக் கழற்றினேன். உள்ளே ரப்பர் கயிறு
பழைய முறுக்காய்ப் பொடிந்தது.
துளை நேராக இறங்கவில்லை,
கழுத்துப் பக்கம் ஒரு மயிரிழை சாய்வு.
அந்தச் சாய்வை எனக்குத் தெரியும்.
அடித்து அடித்து
எனக்குச் சோறு தின்ன வலக்கை பழக்கினார்கள்.
துரப்பணம் பிடிக்க யாரும் பழக்கவில்லை.
நான் போடும் துளையெல்லாம்
இப்படித்தான் சாயும்.

யார் செஞ்சது, சொல்லுங்க.
இடதுகைக்காரர்.
பேருக்கா, பேரு.
அதுக்கு மேல மரம் சொல்லாது.

இன்னொன்றும் சொன்னது.
வலது கை வெளுத்த, எனக்குப் பழக்கமில்லாத மரம்.
இடது கை நம் மஞ்சக்கடம்பு.
கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் தடிப்பு.
சட்டைக் கைக்குப் பூசியிருந்தது நகப்பூச்சு.
எப்போதோ இந்த ஊரில் எவரோ
கை போன சிப்பாயை மடியில் வைத்துக்கொண்டு
பேனாக்கத்தியால் செதுக்கியிருக்கிறார்.

செட்டு சேரலையேக்கா,
அந்தக் கையைத் தேய்ச்சு
மத்தது மாதிரி ஆக்கிடுங்களேன்.

பேசாமல் முழங்கால் பட்டையிலிருந்து
எலாஸ்டிக் நூல் உருவி
இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினேன்.
இழுத்து விட்டால்
இரண்டும் ஒரே நேரத்தில் சல்யூட் அடித்தன.
சேவுகனுக்குச் சிரிப்பு வந்தது,
வராததுபோல் துண்டை உதறினான்.

அடுத்த ஞாயிறு வெங்காயம் வாங்கப் போனேன்.
பழைய கேரம் போர்டின்மேல்
உடைந்த டார்ச்சுகளுக்கும் தராசுப் படிகளுக்கும் நடுவில்
நின்றுகொண்டிருந்தது.
கழுத்தில் சிகரெட் அட்டை,
அவனுடைய கோணல் எழுத்து:
டென்மார்க்கு. செஞ்சவர் இடதுகைக்காரர்.
ஒரு கை மதுரை.
கீழே அறுநூறை அடித்துவிட்டு
எழுநூற்றைம்பது.