பச்சை வயர்

ஆனி. கச்சான் புழுதியை அள்ளி முகத்தில் எறிகிறது.
உவர்மலை வீட்டின் பின்சுவரில்
நான்காவது துளை போடும்போது
ட்ரில் முனை எதிலோ மோதிச் சிணுங்கியது.
"கல் இல்லை அண்ணை, கம்பி" என்றான் நிஸ்பர்.
அரை அடி தள்ளினோம்.

பழைய பிராக்கெட்டைத்
திருகோணமலைக் கடல் தின்று முடித்திருந்தது:
தேத்தண்ணியில் நனைந்த பிஸ்கட்.
புதியதற்கு மூன்று பூச்சு பெயின்ட் அடித்தோம்.
கடலுக்கு அது மூன்று வருஷம்.

கொப்பர் குழாயை முழங்காலில் வைத்து வளைக்கவேண்டும்,
நெளிந்தால் காஸ் மூச்சுத் திணறும்.
மண்ணிறம் பூட்டினேன். நீலம் பூட்டினேன்.
பச்சையை உரித்து வைத்துக்கொண்டு தேடினால்
வீட்டின் எர்த் வயர்
சீலிங்குக்கு மேலே ஒரு முழம் போய்
டேப் சுற்றிக்கொண்டு நிற்கிறது.
இருபது வருஷமாக இந்த வீடு
மண்ணில் கால் ஊன்றவேயில்லை.

"ஓடும்தானே தம்பி, பூட்டிவிட்டுப் போங்கோ"
என்றார் யோகச்சந்திரன், சேர்ட்டைக் கழற்றி விசிறியபடி.
ஓடும் ஐயா.
அதுதான் பயம்.

மதிலோரம் நிஸ்பர் செப்புக்கோல் அறைந்தான்.
அடியெல்லாம் பாறை;
ஐந்தாவது இடத்தில்தான் இறங்கியது.

நாலரைக்குப் பிரேக்கரைத் தட்டினேன்.
உள்ளே யாரோ "ஆ" என்றார்கள்.
அந்த அறையின் வெக்கை முழுக்க
வெளியே வந்து எங்கள் நெஞ்சில் அடித்தது.

வடிகுழாயைக் கோலடிக்கே திருப்பிவிட்டேன்,
எர்த்துக்கு ஈரம் வேணும்.
சொட்டத் தொடங்கியதும்
திறந்திருந்த கேற்றால் நுழைந்த கோட்டைப் பக்கத்து மான்
வந்து அந்த ஈரத்தை நக்கியது.
நிஸ்பர் கையோங்கினான்.
விடடா,
மிச்சம் மண்ணுக்குக் காணும்.