ஏழும் பதினெட்டும்

ஆனிச் சாரலில்
நமத்த முறுக்கு மாதிரி ஆகிவிடும் காகிதம்.
மேலகரத்தில் எல்லோருக்கும் தெரியும் இது,
பிரிண்டருக்குத் தெரியாது.
பத்துத் தாளுக்கு ஒரு தாளைக்
கசக்கி வாயில் அடக்கிக்கொண்டு
சிவப்பு விளக்கைச் சிமிட்டுகிறது.

கட்டைப் பிரித்து
இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிறேன் தாள் தாளாக.
"என் சட்டைக்கு ஒருநாள் இப்படித் தேய்ச்சதில்ல நீ"
என்கிறார் வீட்டுக்காரர்,
ஸ்டேப்ளர் தேடுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பமும் வருகிறது.
அருவியில் ஒரு குளி,
மண்டபத்தில் ஒரு சாப்பாடு,
வீட்டுக்கொரு புத்தகம்.
இருபத்துநாலு பக்கம், நாற்பது பிரதி.

படம் கேட்டுப் போன் போட்ட அன்றே
பெரிய மாமா பிரமநாயகம் சொல்லிவிட்டார்:
"அவம் மூஞ்சிக்கு நேரா எம் மூஞ்சி வரப்பிடாது, கேட்டியா?"
சின்ன மாமா கோமதிநாயகம்
அதே சொல்லை அதே இழுவையில் சொன்னார்.

வாய்க்கால் கரையில் தென்னை ஏழு.
ஆளுக்கு மூன்று.
மிச்சம் ஒன்று
பதினோரு வருஷமாய்க் காய்த்து
நெற்றாகித் தண்ணீரில் விழுந்து
யார் ஊருக்கோ போகிறது.

சரி என்று
பெரியவரை ஏழாம் பக்கத்தில் வைத்தேன்
சின்னவரைப் பதினெட்டில்.
நடுவே பத்துப் பக்கம்:
மூன்று கல்யாணம், ஒரு வளைகாப்பு,
சங்கரவடிவு அத்தையின் சொதிப் பக்குவம்,
பிள்ளைகள் வரைந்த ஐந்தருவி
(ஒருத்தி ஆறு வரைந்திருக்கிறாள்),
காலமானவர் பட்டியல்.
இத்தனையும் தாண்டி வந்து
யாரும் சண்டை போட முடியாது.

மடித்துப் பின் அடிக்கிற புத்தகத்தில்
ஒன்றாம் பக்கத்துக்கு அடுத்த வீடு இருபத்துநாலு.
இரண்டுக்கு இருபத்துமூன்று.
எந்தச் சோடியும் கூட்டினால் இருபத்தைந்து.
ஏழையும் பதினெட்டையும்
நான் கூட்டிப் பார்க்கவில்லை.

ராத்திரி பத்தேகாலுக்கு வந்தது நாலாவது தாள்.
இடப்பக்கம் சின்னவர்
வலப்பக்கம் பெரியவர்
இடையில் மடிப்புக்கு விட்ட
அரை அங்குல வெள்ளை.
போதாக்குறைக்குச் சிவப்பு மை தீர்ந்திருந்தது.
இரண்டு முகமும் குளத்துப் பாசி நிறம்.
அதே காது, அதே கோணல் புருவம்.
இத்தனை நாளும் சட்டையை வைத்துத்தான்
இன்னார் என்று கண்டிருக்கிறேன் போல.

பதினாறுக்கு மாற்றலாம் சின்னவரை.
பக்கத்தில் ஒன்பது, இசக்கியம்மாள் சித்தி.
அவளோடும் பேச்சில்லை அவருக்கு.
மடித்துப் பார்த்தேன்,
தள்ளித் தள்ளிப் போய்விட்டார்கள்.
புத்தகமாக வாசிக்கிறவருக்குத் தெரியப் போவதில்லை.
சனிக்கிழமை தென்காசியில் மை வாங்கி
அப்படியே அடித்தேன்.

ஸ்டேப்ளர் நடுமுதுகுவரை எட்டாது.
அதை விரித்து,
தாளுக்கடியில் ரப்பர் செருப்பை வைத்து
ஓங்கிக் குத்தினால் இறங்கும்.
திருப்பிப் போட்டுக் கரண்டிக் காம்பால்
பின்காலை மடக்க வேண்டும்.
எண்பது பின். கட்டைவிரல் கன்றிவிட்டது.

ஞாயிறு.
பெரிய மாமா நேரே ஏழுக்குப் போனார்,
மீசையைப் பார்த்தார், மூடினார்.
சின்ன மாமா கடைசியிலிருந்து புரட்டி வந்து
பதினெட்டில் நின்றுகொண்டார்.
எனக்குச் சோறு இறங்கியது.

பாயசம் முடிந்த நேரத்தில்
பெங்களூர்க் காரனின் மூன்று வயசு நந்தன்
ஒரு புத்தகத்தை இரண்டு கையால் பிடித்து இழுத்தான்.
பின் தெறித்தது.
ஆறு தாளும் மண்டபத்துத் தரையில்,
ஈரக் காற்றில் ஆளுக்கொரு பக்கம்.

பெரிய மாமா காலடிக்கு நாலாவது தாள் வந்தது.
குனிந்து எடுத்தார்.
கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.
ஏட்டி இது என்ன என்று கேட்பார் என்று
பதில் ஒன்று தயாராக வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
எந்த முகம் வெளியே இருந்தது,
என் இடத்திலிருந்து தெரியவில்லை.

மீதி ஐந்து தாளை நான் பொறுக்கினேன்.
நாலுதான் இருந்தது.
சொதிப் பக்கத்தை யாரோ
அமுக்கிவிட்டார்கள்.